சுக்கானுக்கு ஒரு துண்டு மாசி

உலை தளபுளவென்று கொதிக்கிறது, அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன், போடத்தான் வேண்டும், போட்டால் இந்தச் சத்தம் கொஞ்சம் அடங்கும், அடங்கினால் வெளியே ஏதாவது கத்துகிறதா என்று காது கொடுக்கலாம், சரி போட்டாயிற்று, அடங்கிவிட்டது, கேட்கிறேன், ஒன்றுமில்லை, தெருமுனையில் பழவண்டிக்காரன், பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம், மேல்வீட்டு டிவி. பூனைச் சத்தம் இல்லை. நேற்றுக் காலையில் நான் பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறக்கும்போது காலைச் சுற்றிச் சுற்றி வந்தது, அதுதான் கடைசி, அதன் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. ராத்திரி முழுக்கப் பின்கதவைத் திறந்து திறந்து பார்த்து, கொசுவெல்லாம் உள்ளே வந்ததுதான் மிச்சம். காலையில் அக்ஸிக்குத் தலை பின்னும்போது கேட்டாள், சுக்கான் எங்கம்மா. நான் கொஞ்சமும் யோசிக்காமல், அது அப்பாவப் பாக்க ஹார்பருக்குப் போயிருக்கு என்றேன். எதுல போச்சு. பஸ்ல. டிக்கெட்டு எடுத்துச்சா. பூனைக்கு டிக்கெட்டு கெடையாது, கண்டக்டர் மடியில ஒக்காந்துக்கிடும். அவள் சிரித்துக்கொண்டே வேன் ஏறிப் போய்விட்டாள், சாயங்காலம் வேனிலிருந்து இறங்கின உடனே கேட்பாள், சுக்கான் வந்துட்டா, அப்பாவும் கூட வந்தாச்சா என்று. ஒரு பொய்க்கு ரெண்டு பேர் வந்து நிற்க வேண்டும் இப்போது. எல்கேஜி படிக்கிற பிள்ளையிடம் பொய் சொன்னால் இப்படித்தான், அதுகள் பொய்யைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும்.

சுக்கான் என்று பேர் வைத்தது அவிய, அக்ஸியின் அப்பா. தோணியைத் திருப்புகிற பலகை சுக்கான், பின்னால் இருக்கும், இந்தப் பூனை ஓடும்போது எந்தப் பக்கம் திரும்பப்போகிறதோ அந்தப் பக்கம் முதலில் வால் போகும், அதனால் சுக்கான். பிறந்ததே தோணியில்தான். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் மிளகாயும் செங்கலும் ஏற்றிக்கொண்டு போகிற தோணியில் அவியதான் சமையல், பண்டாரி என்பார்கள், எலிக்காக அங்கே எப்போதும் ஒரு பூனை வைத்திருப்பார்கள், அந்தத் தாய்ப்பூனை வெங்காய மூட்டை மேல் போட்ட நாலு குட்டியில் ஒன்று இது. மூணு குட்டியை ஹார்பரிலேயே ஆள் ஆளுக்கு எடுத்துக்கொண்டார்கள், இதை அவிய சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார், நெஞ்செல்லாம் கீறல். வெங்காய மூட்டையில் பிறந்த பூனைக்கு வெங்காயம் ஆகாதாம், மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னார், ரத்தம் கெட்டுப்போகுமாம், குழம்பில் கிடக்கிற வெங்காயம்கூட ஆகாதாம், எனக்குச் சிரிப்பு வந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை, வந்த நாளிலிருந்து அதன் சோற்றுக்குத் தனிக் கிண்ணம், தனியாகப் பிசைந்து வைக்கிறேன். அடுப்பு மேடையில் ஏற விடுவதில்லை, எண்ணெய் காயும்போது கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவேன், ஸ்கூல் வேன் வருகிற நேரத்துக்கு உள்ளே பிடித்து அடைத்துவிடுவேன், டயருக்கு அடியில் நிழல் தேடிப் படுக்கும் அது. கிணற்றுக்குக் கம்பிவலை போடச் சொல்லி மேல்வீட்டு அக்காவை நச்சரித்துப் போட வைத்ததும் நான்தான், பிள்ளைக்காக என்று சொன்னேன், பிள்ளைக்காகவும்தான். இவ்வளவும் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையில் கோட்டை விட்டேன்.

அந்த வார்த்தை. சோறு கொதிக்கிறது, கரண்டியால் கிண்டுகிறேன், கிண்டக் கிண்ட அந்த வார்த்தை மேலே வருகிறது. மேல்வீட்டு உலகம்மை அக்காதான் வீட்டுச் சொந்தக்காரி, நாங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கிறோம், அக்ஸிக்குப் பாளையங்கோட்டையில் நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்று அலைந்து பிடித்த வீடு. கிருத்திகைக்கு என்று அவர்கள் மூடி வைத்திருந்த பாலில் சுக்கான் போய் வாய் வைத்துவிட்டது. அக்கா மாடிப்படியில் நின்றுகொண்டு, ஏட்டி பெனிட்டா, ஒம் பூனையக் கட்டி வை, எலி தொல்ல தாங்கல, மோட்டார் ரூம்ல மருந்து வைக்க ஆள் சொல்லியிருக்கேன், பொறவு என்னக் கேக்கப்புடாது என்றார்கள். சரிக்கா என்று சொல்லியிருக்கலாம். சரிக்கா என்பது என்ன பெரிய சொல்லா. என் வாய் சும்மா இருக்குமா. பூனையக் கட்டிப் போட்டுட்டா எலிய யாருக்கா பிடிப்பா, நீங்களா பிடிப்பீய என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன், எங்கள் ஊரில் இப்படிக் கேட்டால் எதிராளியும் ஒன்று சொல்வார்கள், சிரித்துவிட்டுப் போவார்கள், கடற்கரையில் காற்றுச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகின வாய். அக்காவுக்கு முகம் கூம்பிப் போயிற்று, இலையைத் தொட்டதும் சுருங்குகிற செடி மாதிரி, திரும்பி ஏறிப் போய்விட்டார்கள். மறுநாள், நேற்றுக் காலையில், நான் துணி காயப் போடும்போது பாதிப் படி இறங்கி வந்தார்கள், நான் கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பேசினால் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்க நா எழவில்லை, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். பத்து நிமிஷத்தில் மருந்து வைக்கிற ஆள் சைக்கிளை நிறுத்தினான். அதன் பிறகு பூனை இல்லை. அதன் பிறகு மேல்வீட்டில் டிவி ஓயவில்லை, நேற்றுப் பகல் முழுக்க, இன்றைக்கும், எந்த நாடகம் யார் அழுகிறார்கள் என்று கீழே இருந்தே சொல்லிவிடலாம், அவ்வளவு சத்தம், கோபத்தை அப்படிக் காட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

வாழைக்காயைச் சீவ வேண்டும். மோட்டார் ரூமுக்குப் பின்னால் பார்த்தாயிற்று, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பார்த்தாயிற்று, பழைய விறகு அடுக்கிய மூலையில் கம்பை விட்டுக் குத்திப் பார்த்தாயிற்று, குத்தும்போதே பயம், எதன் மேலாவது மெத்தென்று பட்டுவிடக் கூடாது என்று. படவில்லை. நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது மோட்டார் ரூமில் மருந்தையும் காணோம், எலி தின்றுவிட்டதா, யார் தின்றது. மருந்து தின்ற பூனை வீட்டுக்கு வராதாம், தண்ணீர் தேடிப் போகும், இருட்டான இடம் தேடிப் போகும். மருந்து தின்ற எலியைத் தின்றாலும் அதே கதிதான், அப்போது பூனைக்குத் தெரியவே தெரியாது, நல்ல சாப்பாடு என்று தின்றுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்திருக்கும். இல்லை. நாற்றம் வந்திருக்கும் இதற்குள், வரவில்லை, அப்படியானால் உயிரோடுதான் இருக்கிறது, எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது தூரமாய்ப் போய்விட்டது. அல்லது தூரமாய்ப் போய். கோடி அற்புதர் அந்தோணியாரே, காணாமல் போனதைக் கண்டெடுத்துக் கொடுக்கிறவரே, என் கொலுசுத் திருகாணியை மணலில் கண்டெடுத்துக் கொடுத்தீரே, திருகாணியைவிடப் பூனை பெருசுதானே, கண்ணுக்குத் தெரியுமே. செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி ஏற்றுகிறேன். ரெண்டாகவே ஏற்றுகிறேன்.

வாழைக்காயை நீளவாக்கில் அல்ல, குறுக்காக, கொஞ்சம் சரிவாக வெட்ட வேண்டும், அப்போதுதான் சீலா மீன் துண்டு மாதிரி இருக்கும். நடுவில் இருக்கிற விதைக்கோடுகூட முள் மாதிரிதான். தேங்காயும் சீரகமும் மல்லியும் அரைத்து, புளியைக் கரைத்து, மாங்காய் ஒரு கீற்று, எங்கள் அம்மை மீன் குழம்பு வைக்கிற அதே கூட்டு, மீனுக்குப் பதில் வாழைக்காய். அக்ஸி இதற்கு மீனில்லா மீன்குழம்பு என்று பேர் வைத்திருக்கிறாள். வீடு கேட்டு வந்த அன்று அக்கா முதலில் கேட்டது, கவிச்சி சமைப்பியளா என்றுதான், சமைக்க மாட்டோம்க்கா என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன், அவிய என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, கடலே எனக்கு வேண்டாம் என்று நான் சொன்ன மாதிரி. பள்ளிக்கூடம் முக்கியம் இல்லையா. சொன்ன சொல் தவறவில்லை, இந்த அடுப்பில் ஒரு நெத்திலி ஏறினதில்லை, சுக்கான்கூடச் சைவமாகிவிட்டது, பாலும் தயிர்ச்சோறும், எப்போதாவது அதுவாகப் பிடிக்கிற எலி. இந்தக் குழம்பு கொதிக்கும்போது மட்டும் எங்கிருந்தாலும் ஓடிவந்து வாசற்படியில் உட்காரும், மூக்கைத் தூக்கி மோந்து பார்க்கும், ஏமாற்றம் என்று தெரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்க்கும், அவிய பார்த்த அதே பார்வை. இப்போது கொதிக்கிறது. வாசற்படியைப் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன். பார்த்துவிட்டேன். மிதியடி மட்டும் கிடக்கிறது, அதில் அதன் வெள்ளை முடி ஒட்டியிருக்கிறது, உதற மனசில்லை.

மீன் திங்க ஆசை என்று சொன்னால் நாக்கு ஆசை என்று நினைப்பார்கள், நாக்கு மட்டுமா, எனக்கு அந்தச் சாயங்காலம் வேண்டும், வலையிலிருந்து மீனை உதறும்போது கால் விரலில் தெறிக்கிற குளிர் வேண்டும், அவிய தோணி கரை சேர்ந்த அன்று எங்கள் அம்மை வீட்டுப் புறவாசலில் உட்கார்ந்து, நான் அரைக்க அவர் குழம்பு கூட்ட, ஏட்டி உப்பு பாரு என்று உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தருவாரே, அந்தச் சூடு வேண்டும். தோணியில் அடுப்பைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார்களாம், சட்டி ஒரு பக்கம் சரியும்போது இவரும் அதே பக்கம் சரிய வேண்டும், இல்லாவிட்டால் குழம்பு காலில். வீட்டுக்கு வந்து ரெண்டு நாளைக்கு அவர் அடுப்பு முன்னால் நிற்பதைப் பார்க்க வேண்டும், தரை ஆடாமல் நிற்கிறது, இவர் மட்டும் லேசாக ஆடிக்கொண்டு நிற்பார், நான் இடுப்பைப் பிடித்து நிறுத்துவேன், கரை வந்தாச்சுல்லா என்று காதில் சொல்வேன். எத்தனை நாளாயிற்று அப்படிச் சொல்லி. நடுக்கடலில் போன் எடுக்காது, மாலத்தீவில் இறங்கினால்தான் வாட்ஸப்பில் குரல் வரும், பின்னால் கடகடவென்று சங்கிலிச் சத்தம், ஏட்டி நல்லாருக்கியா, பிள்ள சாப்புடுதாளா, சுக்கானுக்கு எலி கெடைக்கா, அவ்வளவுதான், முடிந்துவிடும். அதையே நூறு தரம் போட்டுக் கேட்டிருக்கிறேன். அடுத்த குரலிலும் சுக்கானுக்கு எலி கெடைக்கா என்றுதான் கேட்பார். என்ன சொல்ல. கடலில் இருக்கிற ஆளுக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்று எங்கள் ஊரில் கண்டிப்பு, காற்றும் தண்ணீருமாய் இருக்கிற இடத்தில் மனசு ஒரு நிமிஷம் வேறு பக்கம் போனால் போச்சு. பூனை செத்துப்போச்சு என்று அவர் கேட்டுக்கொண்டே சட்டியைத் திருப்பினால், சட்டி சரிந்தால், அவர் சரியாமல் நின்றுவிட்டால். போதும். என் மூளை இருக்கிறதே, ஒரு பூனையைத் தேடப் போய்த் தோணியைக் கவிழ்த்துவிட்டு வந்து நிற்கும். சோற்றை வடிக்க வேண்டும், கஞ்சி கொதித்து அடுப்பெல்லாம் வழிந்திருக்கிறது.

கஞ்சி வடிகிற ஆவியில் நிற்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் சயின்ஸ் டீச்சர் ஒருத்தி, ஒரு மூலையில் ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, வாசனை வர வரக் கையைத் தூக்குங்க என்றாள், முன் பெஞ்சிலிருந்து கை ஒவ்வொன்றாய் எழுந்தது, கடைசி பெஞ்சில் இருந்த நான் எல்லாருக்கும் கடைசியில் தூக்கினேன், காத்து அடிச்சா வாசனை ஆளத் தேடிப் போவும்ட்டி, நீ தேடிப் போவாண்டாம் என்றாள். சுக்கானை நான் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. அதைத் தேடி ஒரு வாசனை போனால் என்ன. மாசி இருக்கிறது. மாலத்தீவில் சூரை மீனை அவித்துப் புகையில் வாட்டி வெயிலில் போட்டு மரக்கட்டை மாதிரி ஆக்குவார்களே, அது, போன தடவை அவிய கொண்டுவந்தது, ஒரே ஒரு துண்டு, கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூடிக்கு மேல் பாலிதீன் கட்டி, அதற்கு மேல் பழைய துண்டைச் சுற்றி, பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சமைக்க அல்ல. சமைக்க மாட்டோம் என்று சொல்லியாயிற்றே. அவர் வந்ததும் எங்கள் அம்மை வீட்டுக்குப் போய்ச் சம்பல் இடித்து ரெண்டு பேரும் ஒரே தட்டில் திங்க வேண்டும் என்று வைத்தது. பாட்டிலைத் திறக்காமல் வெறும் கண்ணாடியை மோந்து பார்ப்பேன் சில நாள், ஒன்றும் வராது, வருகிற மாதிரி இருக்கும்.

சுட்டால் தெருவுக்கே தெரியும். அடுப்படி ஜன்னலுக்கு நேர் மேலே மேல்வீட்டுச் சாமான் ரூம் ஜன்னல், அதற்கு அடுத்தது பூஜை ரூம். கவிச்சி வாடை ஏறின மறு நிமிஷம் வீட்டைக் காலி பண்ணு என்று சொல்வார்கள், சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது, நான் கொடுத்த வாக்கு. நடுவருஷத்தில் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டு சேர்க்க, இவர் இல்லாமல் நான் ஒருத்தி எந்தத் தெருவில் வீடு தேட, சின்னப் பிள்ளையும் பூனையும் என்றால் எவன் வீடு தருவான். பூனையும் என்று சொல்கிறேன் பாருங்கள். பூனை எங்கே இருக்கிறது. ஒரு பூனைக்காக வீட்டைப் போக்கடித்தவள் என்று எங்கள் அம்மைகூடச் சிரிப்பாள். வேண்டாம். குழம்பை இறக்கினேன். தாளிக்கக் கடுகு போட்டேன், வெடித்தது, கருவேப்பிலை போட்டேன். சாயங்காலம் வேன் வரும். அக்ஸி இறங்குவாள். அம்மா, சுக்கான் கண்டக்டர் மடியில ஒக்காந்து வந்துட்டா. கருவேப்பிலை கருகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் பீரோவைத் திறந்தேன்.

இடுக்கியில் பிடித்து நேராகத் தீயில் காட்டினேன். முதலில் ஒன்றுமில்லை, கட்டையைச் சுடுகிற மாதிரி வெறும் புகை, ஓரம் சிவந்தது, அப்புறம் உள்ளே இருந்த எண்ணெய் கசிந்து சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். வாயெல்லாம் நீர். அழுகையா பசியா தெரியவில்லை, ரெண்டும் ஒரே வழியில் வரும்போல. ஹார்பர், தார் பூசின பலகை, அவிய கழுத்து, கப்பல் கட்டுகிற இடத்து மரத்தூள், எல்லாம் இந்த நாலடி அடுப்படிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்து நிற்கின்றன. மேசை விசிறியைத் தூக்கி வந்து அடுப்புக்குப் பின்னால் வைத்து, தீ அணையாமல் சரித்து, வாடையை வெளியே தள்ளினேன். போ, தேடிப் போ. மோட்டார் ரூம் பக்கம் போ, விறகு மூலைக்குப் போ, அடுத்த தெருவுக்குப் போ. பின்வாசலில் நின்று பார்த்தேன். சுவர் மேல் ஒன்று நடந்து வந்தது, சுக்கான் இல்லை, காது கிழிந்த கடுவன் ஒன்று, எங்கிருந்தோ வந்து, நான் யாருக்குக் காத்திருக்கிறேன் என்று தெரியாமல் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. நீயில்லடா. அது கேட்கவில்லை. அதன் பின்னால் இன்னொன்று, கறுப்பு. ஊர்ப்பட்ட பூனை எல்லாம் வருகிறது, கூப்பிட்ட ஒன்று வரவில்லை. வாசனை போய்ச் சேர்ந்த இடத்தில் அது இல்லை. அது இருக்கிற இடத்துக்கு வாசனை போகாது. அப்படிப்பட்ட இடம் எது என்று எனக்குத் தெரியும், எட்டாம் வகுப்புப் படித்த எவளுக்கும் தெரியும், சொல்லமாட்டேன்.

மேலே டிவி நின்றது.

திடீரென்று அவ்வளவு அமைதி, சீலிங் பேன் சுற்றுவதுகூடக் கேட்டது. வாடை ஏறிவிட்டது. வருகிறார்கள். அடுப்பை அணைத்தேன், இனி அணைத்து என்ன. என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கினேன், அக்கா மன்னிச்சுக்கிடுங்க, பூனைக்காக, இல்லை, முதலில் அன்றைக்குப் பேசின பேச்சுக்கு மன்னிப்பு, அப்புறம் பூனை, அப்புறம் மாசி, இந்த வரிசையில் சொன்னால், அப்போது கத்தினது. நான் அடுக்கியது எல்லாம் சரிந்துவிட்டது. வலியில் கத்துகிற கத்தல் இல்லை, காலையில் பால் பாக்கெட்டைக் கடிக்கும்போது காலடியில் கத்துமே, அந்தக் கத்தல், நீட்டி, கொஞ்சம் அதிகாரமாய். பின்வாசல் பூனைகளைப் பார்த்தேன், அதுகளும் மேலே பார்க்கின்றன. மறுபடி. தலைக்கு மேலே, சாமான் ரூம் ஜன்னலிலிருந்து.

படி எப்படி ஏறினேன் தெரியாது. பாதியில்தான் கையைப் பார்த்தேன், இடுக்கியும் அதில் புகைகிற மாசியும். மீனைத் தூக்கிக்கொண்டு சைவ வீட்டுப் படியில் நிற்கிறேன். திரும்பலாம் என்று ஒரு காலை எடுத்தபோது மேலே கதவு திறந்தது. உலகம்மை அக்கா. கொண்டை அவிழ்ந்து கிடக்கிறது, முன்கையில் நீளமாய் ரெண்டு கீறல், மஞ்சள் பூசியிருக்கிறது, கறுப்புச் சேலையில் மடி முழுக்க வெள்ளை முடி. அவர்கள் என் கையைப் பார்த்தார்கள். நான் அவர்கள் மடியைப் பார்த்தேன்.

"என்னத்தட்டி சுட்டே?"

"மாசிக்கா."

"அப்படின்னா?"

"மீனு."

அக்கா தலையை ஆட்டினார்கள், யாரோ வேறு ஊரில் நடந்ததைக் கேட்கிற மாதிரி. உள்ளே கதவைப் பிறாண்டுகிற சத்தம்.

"மருந்து வைக்க ஆள் வாறான்னு போன் வந்துச்சு" என்றார்கள். "ஒங்கிட்டச் சொல்லி அதப் பிடிச்சு உள்ள போடச் சொல்லணும்னுதான் எறங்குனேன். நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுக் கொடியப் பாத்துக்கிட்டு நின்னே. மருந்தத் தின்னு அது செத்து வச்சா பூனப் பாவம் எனக்கு வேணுமா. தங்கத்துல பூன செஞ்சு குடுத்தாலும் தீராதும்பாவ. அதான் தூக்கியாந்து உள்ள போட்டேன். மருந்த அள்ளிட்டா விட்ரலாம்னு."

"எப்பம்க்கா அள்ளுவாவ?"

அக்கா சேலையில் ஒட்டியிருந்த முடியை ஒன்று ஒன்றாய் எடுத்தார்கள்.

"நேத்துச் சாயங்காலமே அள்ளியாச்சு."

நேற்றுச் சாயங்காலம். நான் விறகு மூலையில் கம்பு விட்டுக் குத்தினது அதற்கு அப்புறம். டார்ச் அடித்தது அப்புறம். அந்தோணியாரை எழுப்பினது அப்புறம். நாக்கு நுனிக்கு ஒன்று வந்தது, நல்ல கூரான வார்த்தை, எங்கள் ஊர்க் கடற்கரையில் சொன்னால் பத்து பேர் கை தட்டுவார்கள், சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா பேசினார்கள், என்னிடம் இல்லை, தரையிடம்.

"மடியில ஏறிப் படுத்துக்கிச்சுட்டி. எங்க அவிய கடையப் பூட்டிட்டு வர ராத்திரி ஆவும், மவன் போன வருசம் பெங்களூருக்குப் போனவன், போன்ல பேசுனாலே ஆபீஸ்னு வச்சிருதான். பால் வச்சாக் குடிக்கல. தயிர்ச்சோறு வச்சா மோந்து பாத்துட்டுப் போவுது. கீறுது, கத்துது, ஒங்காதுல விழப்புடாதுன்னு டிவியக் கூட்டி வச்சேன். பொறவு மெள்ள வந்து மடியில ஏறிக்கிடுது. எந்திரிக்க மனசு வரல."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கு ஏன் என் மடி ஞாபகம் வந்தது, தெரியவில்லை. அக்ஸி வளர்ந்துவிட்டாள், இப்போதெல்லாம் உட்காரமாட்டேன் என்கிறாள், சுக்கானும் இல்லாமல் நேற்று ராத்திரி மடி எவ்வளவு லேசாக இருந்தது.

"பட்டினியாவா கெடக்கு ரெண்டு நாளா?" என்றேன்.

"ஆமா" என்றார்கள். "அது என்னத்தத்தான் திங்கும், எனக்குத் தெரியலியே."

கதவைத் திறந்தார்கள். சுக்கான் வந்தது. என்னைத் தேடி ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன், அப்படியெல்லாம் இல்லை, முதலில் வால் திரும்பிற்று, பிறகு பூனை திரும்பிற்று, நேராக இடுக்கிக்குக் கீழே வந்து நின்றுகொண்டு இன்னும் என்ன தாமதம் என்பது போலக் கத்தியது. உட்கார்ந்து அதன் வயிற்றைத் தடவினேன், ஒட்டிக் கிடக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது, வாயில் நுரை இல்லை, மூக்கு ஈரமாக இருக்கிறது. உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது என்று எத்தனை தரம் தடவினேனோ.

"சூடா இருக்கும், ஆறட்டும், வாய் வெந்துரும்" என்று மாசியை உயரத் தூக்கினேன். பாதியை அவியளுக்கு மிச்சம் வைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது, முழுசையும் விரலால் உதிர்த்து ஊதினேன்.

"இங்க கொண்டா" என்றார்கள் அக்கா. உள்ளங்கை நீண்டிருந்தது. குங்குமம் எடுத்த விரல், சிவப்பு இன்னும் போகவில்லை.

"அக்கா, இது மீனு."

"தெரியுது. கொண்டா."

வைத்தேன். அக்கா மூக்கைச் சுளித்தார்கள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள், கையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டியபடி படியிலேயே உட்கார்ந்தார்கள். சுக்கான் என்னைப் பார்த்தது, அந்தக் கையைப் பார்த்தது, போய்த் தின்ன ஆரம்பித்தது, தலையைச் சாய்த்து, கடைவாயால், உறுமிக்கொண்டே. நான் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு துணுக்கு வாயில் போட வேண்டும் போல இருந்தது, போடவில்லை.

"நாக்கு அரம் மாதிரில்லா இருக்கு" என்றார்கள், முகத்தைத் திருப்பாமல்.

"ஆமாக்கா."

தின்று முடித்தும் விடாமல் உள்ளங்கை ரேகையெல்லாம் நக்கிக்கொண்டிருந்தது. அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் திரும்பி, அதன் தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

"கழுவுனாப் போயிருமாட்டி இந்த வாட?"

"போவாதுக்கா. புளி போட்டுத் தேச்சாலும் ராத்திரி வர நிக்கும்."

அக்கா கையைத் தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள், பாதியில் நிறுத்தி, விரல்களை மடக்கிக்கொண்டார்கள்.

"நிக்கட்டும்" என்றார்கள்.